பந்தும் பள்ளத்தாக்கும்

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள், தாய்லாந்து நாட்டின் சியாங் மாய் நகரில், இந்திய மகளிர் கால்பந்து அணி தாய்லாந்து அணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் வங்காளத்தைச் சேர்ந்த சங்கீதா பாஸ்போர். அவ்வெற்றியால் 2026ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைப் போட்டிக்கு நம் அணி தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி, வென்று, அந்த இடத்தை இந்தியப் பெண்கள் பெற்றது அதுவே முதன்முறை.

நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழைப் புரட்டியபோது, கிரிக்கெட் செய்திக்கு அடியில், ஒரு சாண் அகலத்தில் இச்செய்தியைக் கண்டேன். என் அருகில் அமர்ந்திருந்த தோழி, "பொம்பளைகளுக்குத் தனியாக் கால்பந்து டீம் இருக்கா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் வியப்பில்லை. அவள் படிக்கும் இதே கல்லூரியில் பெண்களுக்கு ஒரு கால்பந்து அணி உண்டு என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. அவ்வணியில் நான் ஒருத்தி.

அணி என்று சொல்வது சற்று மிகைதான். நாங்கள் எண்மர். ஏழு பேர் இருந்தாலே ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று கால்பந்து விதி இடம் தருகிறது என்பதை எங்கள் உடற்கல்வி இயக்குநர் அவ்வப்போது எடுத்துச் சொல்லித் தேற்றுவார். பல்கலைக்கழகப் போட்டிக்குச் சென்றபோது கபடி அணியிலிருந்து மூவரைக் கடன் வாங்கிச் சென்றோம். அவர்களுள் ஒருத்தி பழக்க மிகுதியால் பந்தை விட்டுவிட்டு, ஓடி வந்த எதிரணிப் பெண்ணின் இடுப்பைப் பிடித்து நிறுத்திவிட்டாள். நடுவர் விசில் ஊதவும் மறந்து சிரித்தார். அன்று ஒன்பது கோல்கள் வாங்கினோம். நிற்க.

நான் வரலாறு படிப்பவள். ஆகவே தோழியின் கேள்விக்கு விடை தேடத் தொடங்கினேன். தேடத் தேட, இந்த அணியின் கதை நான் எண்ணியதைக் காட்டிலும் பழையது என்று கண்டேன். 1975ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் மகளிர் கால்பந்துக்கெனத் தனிச் சம்மேளனம் தோன்றிவிட்டது. 1980ஆம் ஆண்டு ஜனவரியில் ஆசிய மகளிர் கால்பந்துப் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? நம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கோழிக்கோட்டில்! இந்தியா அப்போட்டியில் இரண்டு அணிகளைக் களத்தில் இறக்கியது; அவற்றுள் ஒன்று இறுதி ஆட்டம் வரை சென்று ஆசியாவில் இரண்டாம் இடம் பெற்றது. 1981இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983இல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாம் இடம். அந்த இறுதி ஆட்டத்தில் நம்மை வென்றது இதே தாய்லாந்துதான். அவ்வாண்டே சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். பெண் கால்பந்து வீராங்கனை ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

எங்கள் பள்ளத்தாக்குக்கும் கேரளத்துக்கும் உள்ள உறவு யாவரும் அறிந்தது. போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் மலையேறி ஏலத் தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். என் தாயும் அவர்களுள் ஒருவர். பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இங்கு வந்து சேர்கிறது, கூலி வருகிறது, மிளகும் ஏலமும் வருகின்றன. கோழிக்கோட்டில் பெண்கள் ஆடினார்கள் என்ற செய்தி மட்டும் ஏனோ மலையிறங்கி வரவில்லை. என் அப்பத்தாவைக் கேட்டேன். 1980இல் அவருக்குத் திருமணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டனவாம். "கால்பந்தா? பம்பரம் விட்டாலே எங்கப்பன் அடிப்பாரு" என்றார்.

சரி, ஆசியாவில் இரண்டாம் இடம் பெற்ற அணி என்னவாயிற்று? இதுதான் என் மனத்தை உறுத்திய வினா. 1998ஆம் ஆண்டு அதே பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் சீனப் பெண்கள் நம் அணிக்கு எதிராக 16 கோல்கள் அடித்தனர். நாம் அடித்தது ஒன்றுமில்லை. பதினைந்தே ஆண்டுகளில் இத்தனை வீழ்ச்சியா என்று முதலில் நம்ப இயலவில்லை. நம் பெண்களின் கால்கள் தளர்ந்துவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்ளல் ஆகாது. 1980இல் சீனா அப்போட்டிக்கு வரவே இல்லை. பின்னர் அந்நாடு விழித்துக்கொண்டது. 1986இல் மெக்சிகோ நகரில் கூடிய உலகக் கால்பந்துச் சம்மேளன மாநாட்டில் நார்வே நாட்டுப் பெண்மணி எலன் வில்லே எழுந்து நின்று, பெண்களுக்கு உலகக் கோப்பை எங்கே என்று கேட்டார். 1991இல் முதல் உலகக் கோப்பை சீனாவிலேயே நடந்தது. பிற நாடுகள் ஆட்டங்களைப் பெருக்கின. நம் நாட்டில் தேசிய அணி கூடுவதே அரிதாயிற்று. 1990களின் தொடக்கத்தில் பெண்கள் சம்மேளனத்தின் பொறுப்பை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ஏற்றது. ஏற்ற பிறகும் நிலை உடனே மாறிவிடவில்லை. நெடுங்காலம் ஒரு பன்னாட்டு ஆட்டமும் ஆடாததால் 2009இல் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியாவின் பெயர் நீக்கப்பட்டது. தோற்ற அணிக்குக் கடைசி இடமாவது உண்டு. ஆடாத அணிக்கு அதுவும் இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த அவலம் என்று எண்ண வேண்டா. கால்பந்தின் தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்தில், 1920ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள், லிவர்பூல் நகரில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே அந்நாட்டுச் சங்கம், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறித் தன் மைதானங்களின் கதவை அவர்களுக்கு அடைத்தது. மீண்டும் திறக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. அங்கே ஒரு தீர்மானம் போட்டுத் தடுத்தார்கள். இங்கே யாரும் தடுக்கவில்லை, ஆட்டம் வைக்கவுமில்லை. எது கொடிது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இவ்விருண்ட ஆண்டுகளில் விளக்கு அணையாமல் காத்தது மணிப்பூர். தேசிய மகளிர் போட்டியில் இருபது முறைக்கு மேல் வாகை சூடிய மாநிலம் அது. அங்கிருந்து வந்தவர்தான் ஓயினம் பெம்பெம் தேவி. சிறுமியாயிருந்தபோது ஆண்பிள்ளைப் பெயர் வைத்துக்கொண்டு பையன்களின் அணியில் ஆடியவர். பின்னாளில் இந்திய அணியின் தலைவி. 2017இல் அர்ஜுனா விருது, 2020இல் பத்மஸ்ரீ. சாந்தி மல்லிக்குக்குப் பின் அர்ஜுனா விருது இன்னொரு பெண் கால்பந்தாட்டக்காரரை வந்தடைய 34 ஆண்டுகள் ஆயின என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2010இல் தெற்காசியக் கோப்பை தொடங்கியது. 2019 வரை நடந்த ஐந்து முறையும் இந்தியாவே வென்றது. ஆட்டம் வைத்தால் நம் பெண்கள் ஆடுவார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழகப் பெண்கள் அந்த மணிப்பூரையே 2-1 என்று வென்றனர். அடுத்த ஆண்டு மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. அணி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்று வந்தது. மதுரை எங்களுக்கு இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். 2023இல் அமிர்தசரசில் தமிழகம் மீண்டும் தேசிய வாகை சூடியது.

இவ்வணிகளில் ஆடியோரில் பலர் கடலூர் மாவட்டத்துப் பெண்கள் என்பது என்னை மிகவும் கவர்ந்தது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். அரசு விடுதியில் தங்கிப் படித்தபோது மூத்த மாணவியர் ஆடுவதைப் பார்த்துத் தாமும் ஆடத் தொடங்கியவர் சந்தியா ரங்கநாதன். அவரும் இந்திய அணிக்குச் சென்றார். கடலூரில் பொன்னா விளைகிறது? தங்கிப் படிக்க ஓர் இடம், மாலையில் ஒரு மைதானம், விடாது வந்து நிற்கும் ஒரு பயிற்சியாளர், மூத்தவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இளையவள். இவ்வளவே.

இவற்றை எல்லாம் வீட்டில் சொன்னபோது, மற்ற எதற்கும் அசையாத என் அப்பத்தா ஒரு செய்திக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்துமதி தமிழகக் காவல் துறையில் உதவி ஆய்வாளர். 2020இல் ஊரடங்குக் காலத்தில் சென்னையில் சாலைப் பணியில் நின்றவர் என்று சொன்னேன். "பந்து விளையாண்ட புள்ளையா எஸ்.ஐ. ஆயிருக்கு?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து என் விளையாட்டு உடுப்பைக் கொடியில் காயப்போட்டால் அதை எடுத்து ஒளித்துவைப்பதில்லை.

அந்த உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்கால் தெரிய ஆடுகிறாள் என்று எங்கள் தெருவில் பேச்சு எழுந்தது. என் தாய் விடியுமுன் எழுந்து, புடவைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜீப் ஏறுகிறார். தோட்டத்திற்குச் செல்லும் எல்லாப் பெண்களும் அவ்வாறே உடுத்துகின்றனர். ஆண்பிள்ளைச் சட்டை போட்டாள் என்று யாரும் அவர்களைச் சொன்னதில்லை, கூலி வருகிறதல்லவா! தெருப் பேச்சு காதில் விழுந்த அன்று என் தாய் சொன்னது: "ஜீப்புல இடம் இல்லாம ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறுறோம். அப்ப எவளும் வந்து கேக்கல. நீ போயி ஆடு." ஏலச் செடியின் தூரில் நாள் முழுதும் குனிந்து காய் எடுத்து வரும் ஒருவர் சொன்ன சொல் அது. எனக்கு அதற்கு மேல் ஒரு பரிசு தேவைப்படவில்லை.

ஆயினும் அனுமதி கிடைத்துவிட்டால் போதுமா? எதிரே ஆட ஓர் அணி வேண்டுமே! எங்களைச் சுற்றிப் பல காதத்திற்குப் பெண்கள் கால்பந்து அணி ஒன்று இல்லை. ஆகவே மாணவர்களோடு ஆடுகிறோம். அவர்கள் நல்லவர்கள்தாம், ஆனால் பாவம் பார்த்துப் பந்தை விட்டுக்கொடுப்பவர்களோடு ஆடி என்ன கற்க முடியும்? பெரியகுளத்தைப் பாருங்கள். ஆண்டுதோறும் கோடையில் அங்கே அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. நாட்டின் பெரிய அணிகள் எல்லாம் வந்து, மின்விளக்கின் கீழ் இரவில் ஆடுகின்றன. தோட்டமும் தோப்புமாயிருக்கும் ஒரு சிற்றூரில், தந்தையின் தோளில் அமர்ந்து அவ்வாட்டத்தைப் பார்த்த சிறுவன் மறுநாள் பந்தைக் கையில் எடுக்கிறான். ஒரு போட்டியை ஆண்டு தவறாமல் நடத்துவது, நூறு சொற்பொழிவுகளுக்குச் சமம் என்பது என் துணிபு. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவை நாட்காட்டி பாராமலே எங்கள் ஊர்க் குழந்தைகள் எதிர்நோக்குவார்கள். பெண்கள் கால்பந்துக்கும் இப்பள்ளத்தாக்கில் அப்படியொரு தேதி வேண்டும். கம்பத்திலோ சின்னமனூரிலோ தேனி மாவட்ட விளையாட்டு அரங்கிலோ, எங்காயினும் சரி.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தபோது, ஈரானோடு ஓர் ஆட்டத்தைச் சமன் செய்த இந்திய அணி, கொரோனா நோய் அணிக்குள் பரவியதால் அடுத்த ஆட்டத்திற்குப் பதின்மூன்று பேரைக்கூட நிறுத்த இயலாமல் போட்டியிலிருந்தே வெளியேற நேர்ந்தது. இதைப் படித்தபோது எண்மரான எங்களுக்கு அவர்கள் மிகவும் நெருங்கியவர்களாகத் தோன்றினார்கள். அந்த அணிதான் மூன்றரை ஆண்டுகளில் சியாங் மாய் சென்று, இரண்டு முறை உலகக் கோப்பையில் ஆடிய தாய்லாந்தை வென்றது.

இவ்வாண்டோடு எங்கள் எண்மரில் ஐவர் கல்லூரியை விட்டுச் செல்கிறோம். ஒருத்திக்கு வைகாசியில் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் உத்தமபாளையம். ஆட விடுவார்களா என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை, எங்களுக்கும் இல்லை. நான் உதவி ஆய்வாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சும் மூவரும் இரண்டாம் ஆண்டினர். முதலாம் ஆண்டில் ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஒரு பெண் இடக்காலால் நன்றாக உதைக்கிறாள். அவள் ஊருக்குக் கடைசிப் பேருந்து ஆறேகால் மணிக்கு. பயிற்சியை ஐந்து மணிக்குப் பதில் நான்கரைக்குத் தொடங்கினால் அவள் வருவாள். உடற்கல்வி இயக்குநரிடம் சொல்லியிருக்கிறோம். கோல் காக்கத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. உயரமான பெண் யாரேனும் இதைப் படித்தால் மாலையில் மைதானத்துக்கு வருக. பூட்ஸ் இல்லாவிட்டால் என்னுடையதைத் தருகிறேன், அளவு ஆறு.