குளிக்க ஆளிருக்கும் துறை

தாமிரபரணி பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. பொதிகை மலையில் புறப்பட்டு, ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் இதற்குப் பங்கு உண்டு. காவிரிக்கும் பாலாற்றுக்கும் சொல்வதுபோல அண்டை மாநிலத்தின் மேல் பழிபோட இங்கே இடமில்லை. இந்த ஆறு கெட்டால் கெடுத்தவர்கள் நாம்தான். அதை உணர்ந்ததாலோ என்னவோ, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஆற்றுத் துப்புரவு முகாம்களுக்குக் குறைவில்லை. கல்லூரி மாணவர்கள், நாட்டு நலப்பணித் திட்டத்தினர், தன்னார்வ அமைப்புகள், சில ஊர்களில் கோயில் பக்தர்கள் என்று ஆள் சேர்ந்து, கையுறை மாட்டிக்கொண்டு துணியும் பாலித்தீனும் அள்ளுகிறார்கள். சில வாரங்களில் துறை பழையபடி ஆகிவிடுகிறது. இதைப் பார்த்து முகாமே வீண் என்று சலித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், இன்னும் அதிக மூட்டை அள்ள வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. அள்ளிய துறையில் மறுநாள் காலை குளிக்க வருபவர் யார்? ஊர்க்காரர்கள் அன்றாடம் இறங்கும் துறையில்தான் துப்புரவு நிலைக்கும் என்பதே என் கட்சி. ஆற்றைப் பொழுதுபோக்குக்கும் குளியலுக்கும் உரிய இடமாக ஊர் மீட்டெடுக்காத வரை, எத்தனை முகாம் நடத்தினாலும் அது வெளியாள் வந்து செய்துவிட்டுப்போகும் வேலையாகவே இருக்கும்.

ஆற்றோடு மேலிருந்தே இறங்கி வருவோம். காரையாறு அருகே தாமிரபரணிக் கரையில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கி, சமைத்து, ஆற்றில் குளித்து, குலதெய்வத்தைக் கும்பிட்டுத் திரும்பும். தென்மாவட்ட எளிய மக்களுக்கு இதைவிடப் பெரிய வெளியூர் வாசம் வருஷத்தில் வேறில்லை. திருவிழா முடிந்தபின் காட்டில் கிடந்த குப்பை ஒரு காலத்தில் வனத்துறைக்கே மலைப்பைத் தந்தது. ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு இங்கே வேலை செய்தது. வனத்துறை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பறித்தது. தங்கும் நாட்கள் குறைக்கப்பட்டன. தனியார் வண்டிகளுக்குப் பதில் அரசுப் பேருந்துகள் விடப்பட்டன. இதில் கவனிக்கத்தக்கது, திருவிழாவை யாரும் நிறுத்தவில்லை என்பது. குலதெய்வத்துக்கும் குடும்பத்துக்கும் உள்ள கட்டு இருப்பதால் வந்தவர்களே அடுத்த வருஷமும் வருகிறார்கள். அதனால்தான் ஒரு வருஷம் சொன்னது அடுத்த வருஷம் நினைவிருக்கிறது.

மலையை விட்டு இறங்கியதும் பாபநாசம். என் வாதத்துக்கு முதல் தடையும் இங்கேதான் நிற்கிறது. குளிப்பவர்களே ஆற்றைக் காப்பார்கள் என்கிறாயே, இங்கே ஆற்றைக் கெடுப்பதே குளிப்பவர்கள்தானே என்று கேட்கலாம். பாபநாச நாதர் கோயில் முன்னால் முழுக்குப் போட்டு, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டால் பாவமும் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. தண்ணீருக்கடியில் பாறையிலும் வேரிலும் சுற்றிக்கொண்டு கிடக்கும் துணி டன் கணக்கில் அள்ளப்பட்டிருக்கிறது. கால் சிக்கினால் நீந்தத் தெரிந்தவருக்கும் ஆபத்து. இந்த ஆட்சேபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் துணியை விடுகிறவர் யார் என்று பாருங்கள். காலையில் வேனில் வந்து, பரிகாரம் முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு வேறு ஊர் போகிறவர். நாளைக்கு அந்தத் தண்ணீரில் அவர் இறங்கப்போவதில்லை. பக்கத்து விக்கிரமசிங்கபுரத்துக்காரர் தினமும் குளிக்கிற துறையில் தன் வேட்டியை விட்டுவிட்டு வரமாட்டார். அன்றாடக் குளியலுக்கும் ஒருநாள் முழுக்குக்கும் உள்ள இந்த வேறுபாடு துப்புரவுத் திட்டம் போடுகிறவர்கள் கண்ணில் படுவதில்லை. பாபநாசத்துக்கு வேண்டியது பரிகாரம் செய்துவைக்கும் புரோகிதரும் கோயில் நிர்வாகமும் துணி விடக்கூடாது என்று கரையிலேயே சொல்வது. விட்டுத்தான் ஆக வேண்டும் என்பவருக்குக் கரையில் ஒரு தொட்டி. நூறு மாணவர்கள் முங்கி எடுப்பதைவிட ஒரு புரோகிதரின் வார்த்தை அங்கே எடுபடும்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டினால் ஆற்றின் இயல்பான முகம் தெரியத் தொடங்கும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். இவற்றின் கால்வாய்களில் பாயும் நிலம் சுமார் 86,000 ஏக்கர். கடைசி அணைக்கட்டு மட்டும் ஆங்கிலேயர் காலத்தது, மற்றவை பழைய அரசர்கள் காலத்தவை. கால்வாயைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் போகும் குடிமராமத்து இங்கே ஒரு காலத்தில் ஊர்க்கடமை. அது தளரத் தொடங்கியபோது சென்னை மாகாண அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தது. சட்டத்தால் அந்தப் பழக்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. செலவில் பத்தில் ஒரு பங்கு பயனாளிகளுடையது என்றார்கள். நடைமுறையில் அது பெரும்பாலும் ஜேசிபியும் ஒப்பந்தப் பட்டியலுமாக முடிந்தது. பயன்படுத்துகிறவனே பராமரிப்பவன் என்ற பிணைப்பு அறுந்தபின் பெயரை மட்டும் திரும்பக் கொண்டுவந்து என்ன பயன்?

அந்தப் பிணைப்பு அறுபடாத ஓர் ஊரும் இதே கரையில் உண்டு. கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் நாரைகளும் கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் கலைப்பதில்லை. அவர்கள் விருப்பத்தின் பேரிலேயே 2005இல் இந்த இடம் பறவைகள் பாதுகாப்பு இடமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. ஒரு சின்னத் தோப்பு என்றே சொல்லலாம். வேலி போட்டு மனிதரை வெளியேற்றிக் காத்த இடமல்ல இது. கோயிலுக்கு வருகிறவர்களும் துறைக்குக் குளிக்க வருகிறவர்களும் தினமும் அந்த மரத்தடியில்தான் நடமாடுகிறார்கள், அதனாலேயே கவண் எடுத்து வருகிறவன் மாட்டிக்கொள்கிறான். இதையே பெரிய அளவில் செய்து பார்த்த முயற்சி, 2011 முதல் ஜனவரி மாதங்களில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. ஆசிரியர்களும் மாணவர்களும் பைனாகுலரோடு குளத்துக்குக் குளம் போகிறார்கள். குப்பை அள்ளுவதைவிட இது இன்பமான வேலை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆற்றங்கரைக்குக் கடமைக்காக வந்தவன் ஒருமுறை வருவான், ஆசைக்காக வந்தவன் மறுமுறையும் வருவான்.

சேரன்மகாதேவிப் பக்கம் வரும்போது இன்னொரு ஆட்சேபம் எழுகிறது, முன்னதைவிடக் கனமானது. ஆற்றங்கரை ஒரு பொற்காலம் என்று பேசுகிறோமே, அந்தக் காலத்தில் துறைகள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தன. மேல்துறையில் யார், கீழ்த்துறையில் யார், யார் இறங்கவே கூடாது என்பதெல்லாம் எழுதாத சட்டம். அதை மறந்துவிட்டு ஏக்கப் பெருமூச்சு விடுவது நேர்மையாகாது. பெண்களுக்கும் ஆறு அவ்வளவு சுகமான இடமாக இருந்ததில்லை. இன்றும் பல துறைகளில் உடை மாற்ற ஒரு தடுப்புச் சுவர்கூட இல்லை. போதாததற்கு, பல ஆண்டுகள் மணல் அள்ளியதில் ஆற்றுக்குள் எங்கே ஆழமான கசம் என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாமல் போயிற்று. குழந்தையை ஆற்றுக்கு அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? இவையெல்லாம் உண்மை. இவற்றால் ஆற்றுக் குளியலைக் கைவிட வேண்டும் என்பதில்லை. முன்பு சிலருக்கு இருந்த உரிமையை எல்லாருக்கும் ஆக்க வேண்டும் என்பதே பொருள். சாதி பாராமல் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே துறையில் நீச்சல் பழகுவது, நூறு விழிப்புணர்வுப் பேரணிகள் செய்யாததைச் செய்யும். மணலைப் பொறுத்தவரை, ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. இந்த ஆற்றை அறிந்து வளர்ந்த ஒருவர்தான் அந்த வழக்குக்குப் போனார் என்பதைத் தற்செயல் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

திருநெல்வேலி மாநகருக்குள் வரும்போது துப்புரவு முகாம்களின் எல்லை வெட்ட வெளிச்சமாகிவிடுகிறது. குறுக்குத்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை என்று வரிசையாகத் துறைகள், ஊடே சாக்கடை வாய்கள். 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இங்கே வரும் ஆட்சேபம் இது: மாநகராட்சி செய்ய வேண்டியதை மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அதிகாரிகள் கையெடுத்துக் கும்பிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், தன்னார்வம் அரசின் பொறுப்பின்மைக்குத் திரை. பாதி சரி. ஆற்றில் படரும் அமலைச் செடியை இன்று வழித்து எடுத்தாலும், சாக்கடையின் சத்து ஆற்றில் இறங்கும் வரை அது மறுபடி மண்டத்தான் செய்யும். வேரை விட்டுவிட்டு இலையை மட்டும் பறிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் சாக்கடை வாய் எங்கே திறக்கிறது, எந்த நேரத்தில் நிறம் மாறுகிறது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடிப்பதில்லை. தண்ணீரில் இறங்குகிறவன் மூக்குதான் முதல் சாட்சி. அந்தச் சாட்சி இல்லாமல் போனால் வழக்கும் இல்லை, மனுவும் இல்லை.

இந்த ஊரில் தனிமனிதக் கொடைக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் இடையே ஆற்றைக் கடக்க, ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார், 1843இல் திறந்தார்கள். பாலத்தைக் கொடுத்தவர் முதலியார் என்பதால் அதைப் பராமரிக்கும் கடமை அரசுக்கு இல்லாமல் போய்விடவில்லை. தன்னார்வத் துப்புரவையும் இப்படியே பார்க்கலாம். பாலத்துக்கு அருகே கொக்கிரகுளத்தில் 1999 ஜூலை 23 அன்று நடந்ததையும் சொல்லாமல் கடந்துபோக முடியாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மனுக் கொடுக்கப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் இந்த ஆற்றில் மாண்டார்கள். நெல்லையில் ஆற்றங்கரையைப் பொழுதுபோக்கு இடம் என்று மட்டும் பேசினால் அந்த நினைவுக்கு நியாயம் செய்ததாகாது.

சீவலப்பேரியில் குற்றாலத்துத் தண்ணீரைக் கொண்டுவரும் சிற்றாறு சேர்கிறது. மருதூர் அணைக்கட்டு, ஆதிச்சநல்லூர்த் தாழிக்காடு தாண்டி ஸ்ரீவைகுண்டம். கடைசி அணைக்கட்டு. மணல் மேடும் சீமைக் கருவேலமும் அமலையும் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகுதான் தூர்வாரும் வேலை தொடங்கியது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் பயணிகளோடு தவித்து நின்றதை நாடே பார்த்தது. அணைக்குக் கீழே ஏரலும் ஆத்தூரும் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் மீந்த நீரில் பிழைக்கின்றன. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்துவிட்டது, கோடையில் கால்வாயில் தண்ணீர்தான் வரவில்லை. மேலே நூறு கிலோமீட்டரில் விட்ட குப்பையெல்லாம் வந்து சேரும் இடம் புன்னைக்காயல். முகத்துவாரத்தில் வலையில் மீனோடு பாலித்தீனையும் இழுக்கிறவர்களிடம் போய் விழிப்புணர்வு முகாம் நடத்துவது அநியாயம், அவர்கள் தூங்கவேயில்லை. அவர்களை ஒருநாள் பாபநாசத்துக்கு அழைத்துப் போய்ப் பேசவைத்தால் அது முகாம்.

ஆகவே துப்புரவுக் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். மாதத்துக்கு ஒரு புதுத் துறை என்று ஊர் ஊராக அலையாதீர்கள். ஒரே துறையை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேராவது குழுவில் இருக்கட்டும். குப்பை அள்ளி முடித்ததும் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குங்கள். கசம் உள்ள இடத்தில் கம்பு நட்டுக் கொடி கட்டுங்கள். பெண்கள் உடை மாற்ற அறை வேண்டும் என்று ஊராட்சியை நெருக்குங்கள். சாக்கடை வாய்களைத் தேதியோடும் படத்தோடும் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை குறித்ததைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுக்கலாம். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் கொக்கிரகுளத்தில், ஆற்றின் கரையிலேயேதான் இருக்கிறது.