எரிஞ்சாதான் வேலை செய்யுதா? உங்க சருமத்துக்கு எந்த ஆசிட் சரி?

ஆசிட் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஊரில் முதலில் வருவது பயம்தான். கேன்களில் ஒட்டிய எச்சரிக்கைப் படங்களைத் தினமும் பார்க்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால், அதே சொல் இப்போது முகத்துக்குப் போடும் சீரம் பாட்டிலிலும் இருக்கிறது. கிளைகாலிக் ஆசிட், லாக்டிக் ஆசிட், சாலிசிலிக் ஆசிட். சருமத்தின் மேல் படியும் இறந்த செல்களைத் தேய்க்காமலே நீக்கும் இவற்றுக்கு 'கெமிக்கல் எக்ஸ்ஃபோலியன்ட்' என்று பெயர்.

அந்தப் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் 23 வயதுப் பெண் அவர். ஷிப்ட் முழுக்க மாஸ்க், தலையில் வலைத்தொப்பி, வெளியே வந்தால் வெயில், லாரிப் புழுதி. தாடையில் பருக்கள், பரு போன இடத்தில் கறுப்புத் தழும்புகள். ஊரில் வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். "முகத்தைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா" என்று அம்மா போனில் சொல்லும்போதெல்லாம் அவர் கண்ணாடி முன் நின்றார்.

முதலில் சொரசொரப்பான ஸ்கிரப். பிறகு எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும். கடைசியில், தள்ளுபடியில் வந்த ஒரு ஸ்ட்ராங்கான பீலிங் சீரம். வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டார். நான்காம் நாள் முகம் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது.

"எரிஞ்சாதானே அக்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்?" என்று அறைத்தோழியிடம் கேட்டார்.

"எரிஞ்சா, தோல் எரியுதுன்னுதான்டி அர்த்தம்" என்றார் அந்த அக்கா.

இரண்டு வாரத்தில் எரிச்சல் போய்விட்டது. ஆனால், வாயைச் சுற்றி பழைய தழும்பைவிட அடர்த்தியான கறுப்பு வந்து நின்றது.

ஏன் கறுக்கிறது?

மாநிறம், கறுப்பு நிறச் சருமத்தில் மெலனினை உருவாக்கும் செல்கள் சுறுசுறுப்பானவை. பரு, சூடு, உரசல், ஆசிட் என எதனால் காயம் வந்தாலும் அந்த இடத்தில் கூடுதல் நிறமி படிந்துவிடும். அது மறைய மாதக்கணக்கில் ஆகும். வெயில் பட்டால் இன்னும் நீளும். அதனால், வெள்ளைத் தோலுக்காக எடுத்த வீடியோவைப் பார்த்து நாமும் அதே அளவில் போடுவது ஆபத்து.

ஆசிட் நமக்குப் புதிதல்ல. தயிரில் இருப்பது லாக்டிக் ஆசிட். புளியில் இருப்பது டார்டாரிக் ஆசிட். 1974-ல் வான் ஸ்காட், யூ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், மீன் செதில்போல் தோல் உரியும் நோய்க்கு இந்த வகை அமிலங்கள் உதவுவதை எழுதினார்கள். அங்கிருந்துதான் இவை அழகு சாதனங்களுக்குள் வந்தன. அதற்காக எலுமிச்சையை முகத்தில் பிழியக் கூடாது. அதன் புளிப்பு மிகக் கடுமையானது. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்பும் வரலாம்.

யாருக்கு எது?

முகம் கழுவி, எதுவும் போடாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். முகம் முழுக்கப் பளபளத்தால் ஆயிலி ஸ்கின். இழுத்துப் பிடித்தால் வறண்ட சருமம். நெற்றியும் மூக்கும் மட்டும் பளபளத்தால் காம்பினேஷன்.

எண்ணெய்ப் பசை, பரு: சாலிசிலிக் ஆசிட், 0.5 முதல் 2 சதவிகிதம். இது எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள் இறங்கி அடைப்பை நீக்கும். வியர்வையும் புழுதியுமாக வேலை பார்ப்பவர்களுக்கு ஏற்றது. காம்பினேஷன் என்றால் நெற்றி, மூக்கு, தாடைக்கு மட்டும். ஆஸ்பிரின் அலர்ஜி இருப்பவர்கள் தவிர்க்கவும்.

வறண்ட சருமம்: லாக்டிக் ஆசிட், 5 சதவிகிதம். ஈரப்பதத்தையும் தக்கவைக்கும். நாள் முழுக்க ஏசி ஹாலில் நிற்பவர்களுக்குப் பொருந்தும்.

தழும்பு, சீரற்ற நிறம்: மேண்டலிக் ஆசிட். மூலக்கூறு பெரியது, மெதுவாக இறங்கும், நம் நிறத்துக்கு எரிச்சல் குறைவு. கிளைகாலிக் மிகச் சிறிய மூலக்கூறு. வேகமாக இறங்கும், எரிச்சலும் அதிகம். முதல் பாட்டிலாக அது வேண்டாம்.

சென்சிட்டிவ் சருமம்: குளுக்கோனோலாக்டோன் போன்ற பிஹெச்ஏ வகை. இருப்பதிலேயே மென்மையானது.

போடும் முறை

கிளைகாலிக், லாக்டிக் வகைகள் வீட்டு உபயோகத்தில் 10 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம். 20, 30 சதவிகிதமெல்லாம் டாக்டர் கையில் இருக்க வேண்டியவை. முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பாருங்கள். பிறகு வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, ஒரே ஒரு ஆசிட், மேலே மாய்ஸ்சரைசர். அந்த நாளில் ஸ்கிரப், ரெட்டினால் இரண்டும் கூடாது.

'இரவில் போடவும்' என்று பாட்டிலில் இருக்கும். நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு அது தூங்கப்போகும் நேரம் என்று பொருள். காலை எட்டு மணிக்குப் படுத்தாலும், அறைக்கு வந்து முகம் கழுவிய பிறகு போடலாம். ஆனால், எழுந்து வெளியே கிளம்பும்போது சன்ஸ்கிரீன் கட்டாயம். கிளைகாலிக், லாக்டிக் வகைகள் போடும் நாள்களிலும், நிறுத்திய பின் ஒரு வாரத்துக்கும் சருமத்தை வெயில் எளிதில் சுடும். சன்ஸ்கிரீன் வாங்கக் காசு இல்லாத மாதம், ஆசிட்டையும் வாங்காதீர்கள்.

எப்போது டாக்டர்?

வேலையிடத்தில் கரைப்பான், பசை, உலோகத் தூசு பட்டு முகமோ கையோ அரித்தால், அதன் மேல் எந்த ஆசிட்டும் வேண்டாம். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் 'கறுப்பு போக' என்று கேட்டு வாங்கும் கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கலாம்; டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக் கூடாது. ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அதிலேயே காட்டலாம். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரை ரயிலில் வந்தால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. தோல் பிரிவில் காட்டக் கட்டணம் கிடையாது.

எந்த ஆசிட்டும் ஒருவரைச் சிவப்பாக்காது. அடைப்பை நீக்கும், தழும்பை மெல்ல மங்கச் செய்யும், பிறந்த நிறத்தைத் தெளிவாகக் காட்டும். அதற்கே எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். வரன் வரும் தேதிக்குள் முகத்தை மாற்ற அவசரப்படுகிற வீட்டில், முதலில் மாற வேண்டியது அந்த அவசரம்தான்.