ஆல்ஃபா சொல்லாதது

கல்வியியல் ஆய்வுக்குக் கருவி தயாரிக்கிறோம் என்றால் முதல் கேள்வியே ஆல்ஃபா எவ்வளவு என்பதுதான். லீ க்ரான்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் பரவலான எண் அது. அளவுகோலில் உள்ள கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும். 0.7 வந்தால் போதும் என்பார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வுப் பதற்றத்தை அளக்க நான் தயாரித்த படிவம், முன்னோட்ட ஆய்வில் 0.9-ஐ நெருங்கியது.

வழிகாட்டி பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு. எதுக்கும் சில பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து, ஏன் அந்தக் கட்டத்துல டிக் போடுறாங்கன்னு கேட்டுட்டு வாம்மா" என்றார்.

கிராமத்துப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். 'தேர்வு நாளன்று காலையில் என்னால் சாப்பிட முடிவதில்லை' என்ற கூற்றுக்கு ஒரு மாணவி சட்டென்று 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று டிக் போட்டாள். பயமா என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்ல மிஸ். ஆறேகால் பஸ்ஸ விட்டா அடுத்தது ஒன்பது மணிக்குத்தான். அதுக்குள்ள சோறு ஆகாது."

'தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் வருவதில்லை' என்பதற்கும் அதே கட்டம். ஒற்றை அறை வீடு, அழுகிற கைக்குழந்தை. மனம் ஒருமுகப்படுவதில்லை என்ற கூற்றுக்கு டிக் போட்டதற்கும் அந்த அறைதான் காரணம். மற்ற பிள்ளைகளிடமும் இதே மாதிரியான பதில்கள் வந்தன. பிறகு அந்தக் கூற்றுகளைச் சாதாரணப் பள்ளி நாள்களுக்கு மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். விடைகள் பெரிதாக மாறவில்லை.

அவ்வளவு உயர்ந்த ஆல்ஃபா எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. வீட்டு நெருக்கடி அந்தக் கூற்றுகளை ஒன்றாகக் கட்டியிருந்தது. கூற்றுகள் கூடி நிற்கின்றனவா என்று ஆல்ஃபா சொல்லும். எதைச் சுற்றி என்று சொல்லாது. அதை விசாரிக்கும் வேலைக்குத்தான் ஏற்புடைமை என்று பெயர். க்ரான்பாக்கே 1955-இல் பால் மீலுடன் சேர்ந்து இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தேர்வுக்குப் படித்த பாடம்தான். அந்தப் பெண் சொன்னபோதுதான் அதன் கனம் தெரிந்தது. படிவம் அப்படியே போயிருந்தால், காலையில் இன்னொரு பஸ் விட வேண்டிய ஊருக்கு மனநல ஆலோசனையைப் பரிந்துரைத்திருக்கும்.

அந்தக் கூற்றுகளை எடுத்துவிட்டு, 'வினாத்தாளைக் கையில் வாங்கியதும் படித்தது மறந்துபோகிறது' போன்றவற்றைச் சேர்த்தேன். மறுபடி ஓட்டியபோது ஆல்ஃபா இறங்கி 0.7-ஐச் சற்றே தாண்டி நின்றது. ஆய்வேட்டில் அந்த எண்ணைத்தான் கொடுத்தேன். நீக்கிய கூற்றுகளையும் பிள்ளைகள் சொன்ன காரணங்களையும் பின்னிணைப்பில் வைத்தேன்.