சும்மா கிடக்கும் நிலம்

பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதாத மாணவன் எமது தமிழ்ப் பாடசாலைகளில் இருந்திருக்க மாட்டான். பசு ஒரு சாதுவான பிராணி, அதற்கு நான்கு கால்களும் இரண்டு கொம்புகளும் உண்டு, அது புல் தின்னும், பால் தரும். இவ்வளவையும் பிழையின்றி எழுதினால் பத்துக்கு ஆறோ ஏழோ கிடைக்கும். நாமும் இவ்வாறே எழுதினோம். பின்னர் ஆசிரியராகி, இவ்வாறு எழுதியோருக்கே புள்ளியும் வழங்கினோம். ‘புல் தின்னும்’ என்ற அந்தச் சிறு வாக்கியத்துள் ஒரு பெரிய வினா ஒளிந்திருப்பதை நாம் கண்டுகொள்ள நெடுங்காலம் சென்றது. எவருடைய நிலத்துப் புல்? எந்த மாதத்துப் புல்? இதனை எமக்குக் கற்பித்தவன் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன். அவனுக்கு நாம் வழங்கிய புள்ளி நான்கு.

எமது வீடு யாழ்ப்பாணத்தில். கொட்டிலிலே ஒரு பசு நின்றது. கன்று ஈன்ற காலங்களில் இரண்டு. குடாநாட்டில் மாடு வளர்ப்பதென்றால், பெரும்பாலும், மாட்டைக் கட்டிவைத்துவிட்டு மனிதர் தீனி தேடி அலைவதென்றே பொருள். விடியற் காலையில் அம்மா கழனித் தண்ணீரிலே தவிடும் எள்ளுப் பிண்ணாக்கும் கரைத்து வைப்பார். ஆடியிலும் ஆவணியிலும் வளவிலே ஒரு பச்சைப் புல்லும் இராது. அப்போது பனையோலைதான் கைகொடுக்கும். அப்பா வடலிகளில் ஓலை வெட்டி வந்து, மாலை வேளையில் திண்ணையிலிருந்தபடி ஈர்க்கை நீக்கிக் கீலங்கீலமாகக் கிழித்துப் போடுவார். அந்தச் சரசரப்பையும், பின்னர் இரவெல்லாம் கேட்கும் அசைபோடும் ஓசையையும் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

உலர்ந்த ஓலையையும் வைக்கோலையும் தின்ற விலங்கு எவ்வாறு பால் தருகின்றது என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தறிந்தோம். மாட்டின் முதல் இரைப்பை ஒரு பெரிய நொதிக்கும் தொட்டி. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மனிதக் குடலாற் சமிக்க முடியாத நாரை உடைத்து உணவாக்குவன அவையே. ஆகவே மாட்டுக்குத் தீனி போடுவது உண்மையில் இந்த நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுவதே. தீனியைத் திடீரென மாற்றினால் அவை திகைத்துப் போகும். மாட்டின் வயிறு ஊதும் அல்லது கழியும். வைக்கோலை மட்டும் கொடுத்தால் அவற்றுக்குப் புரதம் போதாது; வைக்கோலில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்கே உண்டு. அம்மா கரைத்து வைத்த பிண்ணாக்கு இந்தக் குறையையே நிரப்பியது. அவர் இதனைப் படித்தறியவில்லை. தமது தாயாரைப் பார்த்துக் கற்றார்.

ஊருக்கு வெளியே ஒரு தரவை இருந்தது. காணியுள்ளவரின் மாடு வளவிலே நின்றது. காணியற்றவரின் ஆடும் மாடும் தரவையிலே நின்றன. எமது பசுவுக்குப் புல்லுக்கட்டுக் கொண்டுவந்து தந்த மூதாட்டிக்குச் சொந்தமாக ஒரு பரப்புக் காணியும் இல்லை. பிறர் வரம்பிலும் வேலியோரத்திலும் அரிந்த புல்லை அவர் விற்றார். சாதியின் பெயரால் அவரை வளவுக்கு வெளியே நிறுத்திய கைகளே அவர் அரிந்த புல்லைப் படலையிலே பெற்றுக்கொண்டன. எமது வீட்டுக் கைகளும் அவற்றுள் அடங்கும். இதை இங்கே சொல்லாது விடுவது நேர்மையாகாது.

2003 ஆம் ஆண்டில், போர் ஓய்ந்திருந்த நாட்களில், மட்டக்களப்பின் படுவான்கரையிலே ஒரு பாடசாலைக்கு ஆசிரியராகச் சென்றோம். ஏழாம் வகுப்புக்கு, வழக்கம்போல, ‘பசு’ என்று தலைப்பிட்டுக் கட்டுரை கொடுத்தோம். அம்மாணவன் கொம்பையும் வாலையும் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவன் எழுதியது ஏறத்தாழ இதுதான்: தங்கள் பட்டியில் எழுபது மாடுகள். புரட்டாசி, ஐப்பசியில் வயல்களை உழுது விதைக்கும்போது மாடுகளை மேற்கே கொண்டு போவார்கள். மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டியபின் திரும்பக் கொண்டு வருவார்கள். அப்போது மாடுகள் வயலிலே தாளை மேயும்; வயலுக்கு எரு கிடைக்கும். மேற்கே உள்ள தரையில் அதன்பின் மாடு விடுவதில்லை. ஏனென்றால் அப்போதுதான் புல் பூத்து விதை கொட்டும். மாடு நின்றால் விதை கொட்டாது. விதை கொட்டாவிட்டால் அடுத்த மாரிக்குப் புல் இல்லை.

‘தலைப்புக்குப் பொருத்தமில்லை’ என்று சிவப்பு மையிலே எழுதினோம். எமது கல்விமுறையின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் எழுதிய கை எம்முடையது.

அவ்வாண்டு மார்கழி விடுமுறையில் அவனுடைய தந்தையார் எம்மைத் தமது பட்டிக்கு அழைத்துச் சென்றார். எழுத்தறிவு அதிகமில்லாத அம்மனிதர் அன்று நடத்திய பாடத்தை நாம் மறக்கவில்லை. காலையிலே பனி காயுமுன் மாட்டைத் திறக்கலாகாது என்றார். புழுக் குஞ்சுகள் ஈரப் புல்லின் நுனிவரை ஏறி நிற்பதை விலங்கு மருத்துவ நூலொன்றில் நாம் பின்னர் படித்தோம். முதல் மழைக்கு முளைத்த இளம் புல்லில் வெறும் வயிற்றோடு மாட்டை விடலாகாது. முதலிலே காய்ந்த புல்லைக் கடிக்கவிட வேண்டும் என்றார். நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழகச் சில நாட்கள் வேண்டுமென்று நூல் சொல்வதும் இதையே. நான்கு விரற்கடைக்குக் கீழே ஒரு தரையை மேயவிட்டால் அந்தப் புல் மறுபடி எழும்ப நாட்செல்லும். அதற்குள் மாடு தொடாத பூண்டுகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றார். ஆகவேதான் பட்டி ஓரிடத்தில் நிற்பதில்லை. நாட்டு மாடு நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை லீற்றர் பாலே தரும். ஆயினும் அதற்கு வாங்கிப் போடும் தீனி எதுவுமில்லை. அதன் தீனியெல்லாம் நிலமும் நடையுமே.

நடக்க முடியாத மந்தைக்கு என்ன நேரும் என்பதை அறிய நெடுந்தீவைப் பார்த்தாற் போதும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும், பிரித்தானிய ஆட்சியின் தொடக்க காலத்தவரும் குதிரை வளர்த்த தீவு அது. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கட்டற்றுத் திரிகின்றன. குதிரை அசைபோடும் விலங்கன்று. அதன் இரைப்பை சிறிது. நார் நொதிப்பது பின்குடலில். எனவே ஒரு நாளின் பெரும்பகுதியை மேய்ந்துகொண்டே கழிக்க வேண்டிய விலங்கு அது. மழை பொய்த்த ஆண்டுகளில் புல்லும் நீர்நிலையும் வற்றும்போது, வேறிடம் பெயர வழியின்றி நாற்புறமும் கடல் சூழ்ந்த அத்தீவிலே குதிரைகள் மடிந்த செய்தியை நாம் ஒரு முறைக்கு மேற் படித்திருக்கின்றோம். மேற்கே பெயர்ந்து செல்லும் வழியை அடைத்துவிட்டால் படுவான்கரை மாட்டுக்கும் அதுவே தீவாகிவிடும்.

அந்த வழி எவ்வாறு அடைபடுகின்றது? 1840 ஆம் ஆண்டிலே பிரித்தானியர் ஒரு சட்டம் இயற்றினர். காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே உரியதென்று கொள்ளப்பட வேண்டும் என்றது அது. 1897 இல் வந்த தரிசு நிலச் சட்டம் அந்தப் பிடியை மேலும் இறுக்கியது. மேய்ச்சல் தரை இயல்பாகவே பயிரிடப்படாத நிலம். உறுதி எழுதி வைத்துக்கொள்ளாத ஊரவர் பொதுவிலே ஆண்ட நிலம். ஆகவே நன்கு பராமரிக்கப்பட்ட மேய்ச்சல் தரையும் சட்டத்தின் கண்ணுக்குத் தரிசாகவே தெரிந்தது. இச்சட்டத்தால் முதலிலே அடிபட்டவர் தமிழரல்லர். கண்டிச் சீமைச் சிங்களக் குடியானவரே. அவர்கள் மாடு மேய்த்த மலைச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களாயின. பழைய வழியே போன மாடு அத்துமீறிய மாடாயிற்று.

மட்டக்களப்பின் மேற்கெல்லையில் உள்ள மயிலத்தமடு, மாதவணைப் பகுதி மகாவலித் திட்டத்தின் எல்லைக்குள் அடங்குவது. மாவட்டத்துப் பண்ணையாளர் மாரி காலத்தில் மாடுகளைக் கொண்டுசெல்லும் இடமும் அதுவே. 2020 ஆம் ஆண்டு முதல் அங்கே வெளி மாவட்டத்தார் வந்து காடு வெட்டிப் பயிர்செய்யத் தொடங்கினர். சுடப்பட்டும் வெட்டப்பட்டும் சுருக்குக் கம்பியில் அகப்பட்டும் தம் மாடுகள் மடிகின்றன எனப் பண்ணையாளர் முறையிட்டனர். 2023 செப்டெம்பரில் அவர்கள் சித்தாண்டியிலே வீதியோரம் கொட்டகையிட்டு அமர்ந்தனர். ‘அந்த நிலம் சும்மாதானே கிடந்தது’ என்ற பேச்சு அந்நாட்களில் அடிக்கடி காதில் விழுந்தது. கொழும்பிலே கற்றறிந்த நண்பரொருவரும் எம்மிடம் அதையே சொன்னார். நாம் அம்மாணவனின் கட்டுரையை நினைத்துக்கொண்டோம். மாடு இல்லாத மாதங்களில் அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை, விதை கொட்டிக்கொண்டிருந்தது.

வந்து பயிர்செய்தவரை வெறும் பகைவராகச் சித்திரிப்பதற்கும் நாம் உடன்படோம். அங்கே மண்வெட்டி பிடித்தவருட் பலர் கையளவு நிலத்துக்காக எவர் காட்டிய இடத்துக்கும் போகக்கூடிய ஏழைகள். அவர்களுடைய முப்பாட்டனாரின் மேய்ச்சல் தரையை விழுங்கிய அதே தத்துவம் இன்று அவர்களின் கையிலே மண்வெட்டியைக் கொடுத்து மற்றோர் ஏழையின் தரைக்கு அனுப்புகின்றது. ஆயினும் இருவரும் ஏழைகள் என்று சொல்லி அநீதியைச் சமன்செய்துவிட முடியாது. ஒருவர் பக்கம் அதிகாரம் நின்றது. மற்றவர் பக்கம் அது நிற்கவில்லை. இதற்கிடையில், 2021 இலும் 2022 இலும், இறக்குமதிப் பால்மாப் பைக்கற்றுக்காக இந்நாட்டுத் தாய்மார் கடைவாசலில் வரிசையிலே நின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

மாணவனின் குடும்பத்துக்கு வருவோம். 2007 இல் படுவான்கரை மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது அவர்கள் பட்டியைத் திறந்துவிட்டுக் கால்நடையாக ஓடினர். திரும்பியபோது எழுபதில் இருபதுக்கும் குறைவானவையே கிட்டின. தந்தையார் காலமானார். மகன் பட்டியை மெல்ல மெல்லப் பெருக்கினான். 2023 மார்கழியில் ஒரு மாலை அவன் எம்முடன் தொலைபேசியிற் பேசினான். இம்மாரிக்கு மேற்கே போக அஞ்சி, மாடுகளை வீதியோரத்திலும் வாய்க்காற் கரையிலும் வைத்து மேய்ப்பதாகச் சொன்னான். புல் மொட்டையாகிவிட்டது, பால் வற்றிவிட்டது, இரண்டு நாகுகள் பருவத்துக்கு வரவில்லை. வயிறு நிறையாத பசு முதலிற் பாலைக் குறைக்கும், பின்னர் சினைப்படாது. அவனிடம் ஒரு பிரசுரம் இருந்தது. கலப்பின நேப்பியர்ப் புல்லை நட்டு அறுத்துப் போடும்படி அது அறிவுறுத்தியது. நல்ல புல்தான், ஐயமில்லை. ஆனால் நட நிலம் வேண்டும். கோடையில் நீரும் வேண்டும்.

“சேர், வைக்கலுக்கு யூரியா போடுறது எப்பிடியெண்டு சொல்லுங்கோ” என்றான்.

நாம் குறிப்பேட்டைத் தேடியெடுத்து வாசித்தோம். உலர்ந்த வைக்கோல் நூறு கிலோ. யூரியா நான்கு கிலோ, அதற்கு மேல் ஒரு பிடியும் கூடாது. நூறு லீற்றர் தண்ணீரிலே முற்றாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி ஒவ்வோர் அடுக்கின் மீதும் சீராகத் தெளிக்க வேண்டும். காற்றுப் புகாமற் பொலித்தீனால் மூடி இரண்டு மூன்று வாரம் விடவேண்டும். திறந்தபின் மணம் ஆறவிட்டுச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கலாகாது. கரைத்த நீரை மாடு எட்டிக் குடிக்க விட்டால் அது நஞ்சு.

அவன் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான். சிறிது நேரம் பேச்சில்லை.

“எல்லாம் சரி சேர். வயலெல்லாம் இப்ப மெசினால வெட்டுறாங்க. வைக்கல் சேத்துக்குள்ள சிதறிக் கிடக்கும். மிச்சத்தை எரிச்சுப் போடுவாங்க. அறுவடைக்கும் இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. நூறு கிலோ வைக்கலுக்கு நான் எங்க போற?”

குறிப்பேட்டில் அதற்கு விடை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலே பனையோலை கிழித்துப் போட்ட கதையை அவனுக்குச் சொன்னோம். படுவான்கரையில் அவ்வளவு பனை இல்லையென்பது எமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். “தம்பி, எத்தனை மாடு நிக்குது?” என்று கேட்டோம். “காலையில எண்ணேக்க நாப்பத்தொண்டு, சேர்” என்றான்.