தனக்கே தெரியாத முதலாளி

மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தவர் அவர். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. தொகை வரவில்லை. ஏன் என்று இ-சேவை மையத்தில் கேட்டபோது, "உங்க பேர்ல ஜி.எஸ்.டி. இருக்கும்மா" என்றார்களாம். ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்பனை செய்து ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்களுக்கு அந்தத் தொகை கிடையாது. கம்ப்யூட்டரில் ஏதோ தப்பு என்று விட்டுவிட்டார். சில மாதங்களில் சம்பளக் கணக்கே முடங்கியது. வரி பாக்கிக்காக வங்கிக்கு உத்தரவு போயிருந்தது. அதன் பிறகுதான் வழக்கறிஞரான என்னிடம் வந்தார்.

"நான் கடை வச்சிருக்கேனாம் சார். எந்த ஊர்ல, என்ன கடைன்னு நீங்களாவது பார்த்துச் சொல்லுங்க."

பான் எண்ணை வைத்துத் தேடினேன். சென்னை முகவரியில், பழைய இரும்பு வியாபாரம், 2021இல் பதிவு. மீதிக் கதை வரி உத்தரவின் நகலில் இருந்தது. கோடிக்கணக்கில் பில் போட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ இரும்புகூட லாரி ஏறவில்லை. பில்லை வாங்கியவர்கள் அதைக் காட்டி உள்ளீட்டு வரி வரவு எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய வரியைக் குறைத்துக்கொண்டார்கள். நாளைக்கு வரியைக் கேட்டு அதிகாரி வந்தால் மாட்டுவதற்கு ஒரு பெயர் வேண்டும். அதற்கு இந்தத் தையல் தொழிலாளியின் பெயர்.

பெயர் எப்படிப் போனது என்பதை அவரே சொன்னார். தெருவுக்கு ஒருவர் வந்து, குறைந்த வட்டியில் கடன் என்று ஆதார், பான், போட்டோ எல்லாம் வாங்கிப் போயிருக்கிறார். "போனுக்கு நம்பர் வரும், சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். லோன் வரவே இல்லை." 2020 ஆகஸ்டிலிருந்து ஜி.எஸ்.டி. பதிவுக்கு ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்க்கும் முறை இருக்கிறது. அவர் நம்பிச் சொன்ன எண் அதுதான். விண்ணப்பத்தில் கொடுத்திருந்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் மோசடிக்காரர்களுடையவை. அதனால் விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸும், கடைசி உத்தரவும் அவர் கண்ணிலேயே படவில்லை.

மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் அவகாசம்; தகுந்த காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதுவும் தாண்டிவிட்டது. தாண்டாமல் இருந்தாலும், வழக்குக்குரிய வரியில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர் அதற்கு எங்கே போவார்? உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு தவிர வேறு வழியில்லை.

குற்ற வழக்கில் குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இங்கே நிலைமை தலைகீழ். தான் வியாபாரி இல்லை என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. இல்லாத ஒன்றுக்கு எதைச் சாட்சியாகக் காட்டுவது? வருகைப் பதிவேட்டைக் கேட்டபோது கம்பெனியில் முதலில் தயங்கினார்கள். பி.எஃப். பாஸ்புக்குக்கு யார் தயவும் தேவையில்லை, எடுத்துப் பார்த்தேன். ஒரு மாதம் விடாமல் சந்தா பிடித்திருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு வருகைப் பதிவேட்டின் நகலும் கொடுத்தார்கள். விண்ணப்பத்தோடு இணைத்திருந்த வாடகை ஒப்பந்தத்தை அதோடு ஒப்பிட்டேன். கடையை வாடகைக்கு எடுத்ததாகச் சென்னையில் அவர் கையெழுத்துப் போட்ட நாளில், ஆம்பூரில் ஓவர்டைம் பார்த்திருக்கிறார்.

கையெழுத்தே பேசியது. ஒப்பந்தத்தில் ஆங்கிலத்தில், சாய்வாக, ஒரே இழுப்பில் போட்ட கையெழுத்து. என் மேஜையில் வக்காலத்தில் அவர் போட்டதோ தமிழில், எழுத்து எழுத்தாக, ஒவ்வொன்றுக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைத்து. அவருடைய பழைய ஆவணங்கள் எல்லாவற்றிலும் அதே கையெழுத்துதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனுவோடு இணைத்தேன். வியாபாரத்துக்காக அவர் பெயரில் திறந்திருந்த வங்கிக் கணக்கின் வரவுசெலவையும் சேர்த்தேன். வந்த பணம் அன்றன்றே வெளியே போயிருந்தது. அவர் கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

"ஓ.டி.பி. மனுதாரரின் போனுக்குத்தானே போனது?" என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். நியாயமான கேள்வி. கடனுக்கு என்று ஏமாற்றி வாங்கிய எண்ணைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று வாதிட்டேன். நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. வங்கிக் கணக்கை விடுவித்து, அவரை நேரில் விசாரித்துப் புதிதாக முடிவெடுக்கச் சொன்னது. இத்தகைய மனுக்களில் வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்வதுண்டு. இவரைக் கட்டச் சொல்லவில்லை. அதிகாரிகள் அந்த முகவரிக்குப் போனபோது அங்கே இரும்புக் கடையே இல்லை. பதிவு, ஆரம்ப நாளிலிருந்தே செல்லாதபடி ரத்தானது. முதல் நாளே யாராவது போய்ப் பார்த்திருந்தால் இத்தனைக்கும் இடமில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

போலீஸ் புகாரில் ஆள்மாறாட்டம், மோசடி, போலி ஆவணப் பிரிவுகளோடு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளும் சேர்ந்தன. அடையாளத் திருட்டுக்கான 66சி பிரிவில் அதிகபட்சம் மூன்றாண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜாமீன் உரிமை உண்டு. ஒரு குடும்பத்தையே நிலைகுலைய வைக்கும் குற்றத்துக்கு இது போதாது என்பது என் கருத்து. கடன் தருவதாக வந்த ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

படிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடையாள அட்டை நகல் கொடுத்தால், எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். பணம் பறிபோனால் உடனே 1930க்கு அழையுங்கள். உங்கள் பெயரில் தெரியாத கடன் இருக்கிறதா என்று பார்க்க, சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடும் வசதிக்குக் கணக்கோ கட்டணமோ தேவையில்லை. உங்கள் எண்ணோடு, இணையம் பழகாத உங்கள் வீட்டுப் பெரியவர்களின் எண்ணையும் அதில் தேடிப் பாருங்கள்.