நண்டுத் தராசில் நிறுத்த லினன்

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பன் மூன்று துண்டு லினன் தந்துவிட்டுப் போனான். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு தையற்கடைகளில் காட்டினேன். "எந்தத் துணியெண்டாலும் தைப்பம், அளவைத் தாங்கோ" என்றார்கள். எந்தத் துணியையும் எதற்கும் தைப்பவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. ஊர்காவற்றுறையில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர்தான் எழுவைதீவில் தைக்கும் அக்கா ஒருவரைப் பற்றிச் சொன்னார். துணியைத் தொட்டுப் பார்க்காமல் வாய் திறக்கமாட்டாவாம்.

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகேறினேன். சோழகம் வீசும் காலம். பெண்களின் மெல்லிய வாயில் சேலைகள் பாய்போலப் புடைத்தன. தடித்த பருத்திச் சேலை உடுத்த ஒரு கிழவி மட்டும் அசையாமல் இருந்தா. துணிக்குப் பாரம் எதற்கு என்று கேட்பவர்களை ஒருமுறை அந்தப் படகில் ஏற்றலாம்.

அக்காவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பனைகளுக்கு நடுவே வீடு, விறாந்தையில் ஒரு கறுத்த சிங்கர் கால்மிசின். மூன்று துண்டுகளையும் பாயில் விரித்தா. முதல் துண்டை வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பின்னால் கையை வைத்தா. "விரல் எண்ணலாம் போல கிடக்கு, தம்பி. உது பெம்பிளையளின்ர மேற்சட்டைக்கு நல்லது. காற்சட்டை தைச்சா இருந்தெழும்ப முழங்கால் தொங்கிப்போம்." அடுத்ததைக் கைமுட்டியின் மேல் போட்டு எப்படி விழுகிறது என்று பார்த்தா. மூன்றாவதைக் கசக்கி விட்டா. மடிப்பு விறைப்பாக நின்றது. பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவிக் கொளுத்தினா. கடதாசி எரிந்த மணம், விரலில் உதிரும் சாம்பல். பொலியெஸ்ரர் கலந்திருந்தால் உருகிக் கட்டியாகியிருக்கும். றேயன் கலந்ததை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அதுவும் கடதாசி மாதிரித்தான் எரியும் என்று அவவே சொன்னா.

"இனி நிறுப்பம்" என்று உள்ளே போய்க் கொண்டுவந்தது, கணவர் நண்டு நிறுக்கும் மின்தராசு.

பத்துச் சென்ரிமீற்றர் சதுரம் வெட்டி நிறுத்து, வரும் கிறாமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீற்றரின் எடை வந்துவிடும். ஆனால் நண்டுத் தராசுக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது. அதனால் முழுத் துண்டையும் நிறுத்தோம். மூன்று துண்டுக்கும் அகலம் 1.4 மீற்றர். முதல் துண்டு 2 மீற்றர் நீளம், 335 கிறாம். சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 120. இரண்டாவது இரண்டரை மீற்றர், 595 கிறாம், சரியாக 170. மூன்றாவது ஒன்றரை மீற்றர், 525 கிறாம், 250. கையால் பார்த்துச் சொன்ன வரிசைதான் தராசிலும் வந்தது. 120 மேற்சட்டைக்கு, 170 சேட்டுக்கும் சட்டைக்கும், 250 காற்சட்டைக்கு. 200ஐத் தாண்டியதை நம்முடைய வெக்கையில் சேட்டாகப் போடுபவர் விரதக்காரராக இருக்கவேண்டும்.

எடை மட்டும் போதாது என்றும் சொன்னா. தடித்த நூலை ஐதாக நெய்த 180, மெல்லிய நூலை நெருக்கி நெய்த 140ஐவிடக் காற்று விடும். கடைக்காரர் "60 கவுண்ட்" என்று பெருமையாகச் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எண் கூடக் கூட நூல் மெல்லிசாகும். பருத்திக்கு ஒரு இறாத்தலில் 840 யார் நீளத்தை அலகாக வைத்து எண்ணுகிறார்கள், லினனுக்கு 300 யாரை. ஆகவே லினன் 60, பருத்தியில் 21ஆம் நூலின் பருமன்தான். இது எனக்கு அக்கா சொன்னதல்ல. அவ சொன்னது, "நம்பரை விடுங்கோ, கஞ்சியைக் கழுவிப்போட்டு நிறுங்கோ" என்பதுதான். கழுவாத லினன் மீற்றருக்கு ஐந்து சென்ரிமீற்றர்கூடச் சுருங்கும்.

அக்கா காட்டிய கழுத்து வளைவுக் கணக்கும் கைக்குழி வெட்டும் எனக்கு ஏறவில்லை. அந்த நேரத்தில் மிசினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அக்காவிடம் வந்தது சீதனத்தோடு. 1990இல் போர் தீவகத்துக்கு வந்தபோது படகில் ஏற்றியது பிள்ளைகளையும் மிசினையும். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது மேசையையும் காற்பலகையையும் விட்டுவிட்டு, மிசின் தலையை மட்டும் சைக்கிள் கரியரில் கட்டித் தென்மராட்சிக்குத் தள்ளிக்கொண்டு போனா. அங்கே கைப்பிடிச் சில்லு ஒன்றைப் பூட்டி, நிவாரணக் கூடாரத் துணியில் பொடியங்களுக்குக் காற்சட்டை தைத்தா. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், பகலில் மட்டும் தையல். "பதினாலாம் நம்பர் ஊசி மூண்டு முறிஞ்சுது. பதினெட்டு தேடிப் பிடிச்சன். அப்பதான் தம்பி, துணியின்ர பாரத்தை ஊசியிட்டக் கேட்டுப் படிச்சன்." என்னுடைய மேற்சட்டைத் துண்டுக்கு 11, சேட்டுக்கு 14, காற்சட்டைக்கு 16 என்று பிரித்து வைத்தா. இன்று தீவில் வெயில், காற்று, டீசல் மூன்றும் கலந்து மின்சாரம் தரும் நிலையம் உண்டு. மிசின் மறுபடி காலில்தான் ஓடுகிறது.

துணிக்கும் இந்தத் தீவுகளுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நயினாதீவு ஹார்லெம் ஆனது. அந்த ஹார்லெம் ஒருகாலத்தில் ஐரோப்பாவின் லினனை வெளுத்துக் கொடுத்தே பணம் சேர்த்த நகரம். இங்கே அவர்கள் தோண்டுவித்தது துணிக்குச் சாயமேற்றும் சாயவேர். விலை வைத்தவர்கள் அவர்களே.

இப்போது விலை வைப்பவர் கொழும்பில் இருக்கிறார். உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் கடையொன்று, வெட்டிய லினனைப் பொதியாக அக்காவுக்கு அனுப்புகிறது. 120 கிறாம் மேற்சட்டைக்கும் 250 கிறாம் காற்சட்டைக்கும் ஒரே கூலி. மடிப்புத் தையல் வேண்டும், நூலும் ஊசியும் தைப்பவருடையது, கோணினால் கழிவு. கடையில் அதே உடுப்பில் தொங்கும் விலைச்சீட்டுக்கும் அக்காவின் கூலிக்கும் உள்ள தூரம் பாக்குநீரிணையைவிட அகலம். கணவரின் நீல நண்டுக்கும் இதே கதிதான். வாங்க வருபவர் தன் தராசில் நிறுத்துத் தண்ணீருக்குக் கழிக்கிறார். வீட்டுத் தராசு சொல்வதை யாரும் கேட்பதில்லை. நண்டை நிறுக்கத் தெரிந்த நாட்டில் துணியை மட்டும் ஏன் மீற்றரில் அளந்து, பாரத்தை மறைத்து விற்கிறார்கள்? பாரம் தெரிந்தால் எவ்வளவு வேலை என்று தெரிந்துவிடும், கூலி கேட்பார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

பிடவைக்கடை முதலாளிமாரே, விலைச்சீட்டில் சதுர மீற்றருக்கு எத்தனை கிறாம் என்றும் அச்சிடுங்கள். வெளிநாட்டிலிருந்து லினன் கொண்டுவருபவர்கள் கால் மீற்றர் கூடுதலாக வாங்குங்கள், துவைத்து நிறுத்துப் பார்த்துவிட்டுத் தைக்கக் கொடுங்கள். தடித்த துணிக்குக் கூடுதல் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.