மிடறு

தமிழில் 'மிடறு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தொண்டை என்பது ஒன்று. ஒருமுறை விழுங்கும் நீரின் அளவு என்பது மற்றொன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி பிறக்கும் எட்டு இடங்களுள் மிடற்றையும் வைத்து எண்ணுகிறது. உண்பதும் உரைப்பதும் ஒரே வாயிலின் வழியே நிகழ்கின்றன. அழுகை முட்டும்போது 'தொண்டை அடைத்தது' என்கிறோம். சொல்ல முடியாததைச் 'சொல்லாமல் விழுங்கினான்' என்கிறோம். இவை வெறும் சொல்லலங்காரங்கள் அல்ல, உடலில் மெய்யாகவே நிகழ்பவை என்பதைத் தில்லியில் வாழும் எங்கள் குடும்பம் அறிந்துகொண்ட கதையை இங்கே சொல்ல விழைகிறோம்.

தந்தையார் காலமானபின், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து தாயாரை அழைத்து வந்து அரசுக் குடியிருப்பில் எங்களோடு வைத்துக்கொண்டோம். காலையில் நாங்கள் அலுவலகத்திற்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் புறப்பட்டால், மாலை வரை அவருக்குத் துணை சுவர்க் கடிகாரம்தான். அண்டை வீட்டார் நல்லவர்களே. ஆயினும் அவர்கள் பேசும் இந்தி இவருக்குப் புரியாது. மார்கழிக் குளிரில் ஒருநாள், "தொண்டையிலே நெல்லிக்காய் மாதிரி ஏதோ நிக்குதுப்பா. உள்ளயும் போகல, வெளியிலயும் வரல" என்றார். அடுத்த வாரமே சோற்றைக் குறைத்துக் கஞ்சிக்கு வந்துவிட்டார். ஓயாமல் கனைப்பார், வெறும் வாயால் விழுங்கிப் பார்ப்பார்.

அவருக்கு நாற்பதாண்டு வெற்றிலைப் பழக்கம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது. எங்கள் அச்சம் அதுவே. அந்நோயின் பெயரை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரவர் தொண்டையிலும் அது நின்றது.

டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கிக்கொண்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றோம். அந்த அம்மையார் இந்தியில் கேட்க, நாங்கள் தமிழில் கேட்டுச் சொன்னோம். "சோறு சிக்குகிறதா, எச்சில் சிக்குகிறதா?" என்பது அவருடைய முதற்கேள்வி. தாயார் சற்றே யோசித்து, "சோறு போயிடுது. வெறும் வாயால முழுங்கறப்பதான் தெரியுது" என்றார். எடை குறைந்ததா, வலி உண்டா, குரல் மாறிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கழுத்தைத் தடவிப் பார்த்து, மூக்கின் வழியே மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தி நோக்கினார். கட்டி ஏதுமில்லை. "ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். கட்டி இல்லை, ஆனால் இவர் உணர்வது உண்மை" என்றார். நாங்கள் மறவாத சொல் அது.

அவர் விளக்கியதன் சாரம் இது. உணவுக்குழாயின் மேல்வாயிலில் வளையம் போன்ற ஒரு தசை உண்டு. விழுங்கும் நொடியில் திறந்து, மற்ற நேரங்களில் பெரும்பாலும் மூடியிருப்பது அதன் இயல்பு. கவலையாலோ, இரைப்பை அமிலம் மேலெழுவதாலோ, ஓயாத கனைப்பாலோ அத்தசையும் சுற்றியுள்ள தசைகளும் இறுகினால், இல்லாத உருண்டை இருப்பதாகத் தோன்றும். உணவு இறங்குகையில் தசை தளர்வதால் உருண்டை மறையும். வெறும் எச்சிலை விழுங்குகையில் மீண்டும் தோன்றும். உருண்டையைத் தள்ளக் கனைக்கிறோம். கனைப்பதால் தொண்டை புண்படுகிறது. புண்பட்டதால் உருண்டை பெரிதாகிறது.

இது பழைய நோய். 1707-இல் ஜான் பர்செல் என்னும் ஆங்கில மருத்துவர் இதனைத் தெளிவாக எழுதியிருக்கிறார். நெடுங்காலம் இதனைப் பெண்களின் மனக்கோளாறு என்றே ஐரோப்பியர் எண்ணி, கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயரை இட்டு வழங்கினர். அது பொருந்தாது எனக் கண்ட மால்கம்சன் என்பார் 1968-இல் 'குளோபஸ் பாரிஞ்சியஸ்', அதாவது தொண்டை உருண்டை, என்று பெயர் மாற்றினார். ஆண்களுக்கும் இது வரும்.

எனினும் எல்லாத் தொண்டை அடைப்பும் இவ்வகைப்பட்டதன்று. சோறோ ரொட்டியோ நெஞ்சில் நின்று, நாளடைவில் நீரும் நிற்குமாயின். விழுங்க வலித்தால், அதிலும் ஒரே பக்கமாக வலித்தால். குரல் மூன்று வாரத்திற்கு மேல் கம்மியிருந்தால். காரணமின்றி எடை குறைந்தால். கழுத்தில் கட்டி தென்பட்டால். எச்சிலில் இரத்தம் கண்டால், தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். புகையிலை, பாக்கு, மதுப் பழக்கம் உடையோர் இன்னும் விரைய வேண்டும். திடீரென்று விழுங்க முடியாமற்போய், வாய் கோணிப் பேச்சும் குழறினால், அல்லது நாக்கும் உதடும் வீங்கி மூச்சுத் திணறினால், அது அவசரச் சிகிச்சைக்குரியது. ஒரு நிமிடமும் பொறுக்கலாகாது. சோதித்து அறியும்முன் 'எல்லாம் மனக்கவலை' என்று எவரும் தீர்ப்புக் கூறலாகாது.

தாயாருக்கு மருத்துவர் விதித்தவை எளியவை. கனைக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு மிடறு வெதுவெதுப்பான நீர். உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே இராச்சாப்பாடு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரையடி உயரத்திற்குக் கட்டை. காபியிலும் காரத்திலும் குறைப்பு. தோளையும் தாடையையும் தளர்த்தி, வாய் நிறையக் கொட்டாவி விடும் பயிற்சி. வெற்றிலைப் பெட்டியைத் தாயாரே பரண்மேல் வைக்கச் சொன்னார்.

விடைபெறும்போது, "எந்த நேரத்தில் அதிகம்?" என்று மருத்துவர் வினவினார். "விளக்கு வைக்கிற நேரம்" என்றார் தாயார். பின்னர் தணிந்த குரலில், "அவர் வயலிலேருந்து திரும்பற நேரம்" என்றார். அதனை இந்தியில் சொல்ல எங்களுக்குச் சற்று நேரமாயிற்று. மருத்துவர் தலையசைத்து, "அந்த நேரத்தில் இவரைத் தனியே விடாதீர்கள்" என்றார்.

அன்று முதல் விளக்கேற்றும் வேளையில் யாரேனும் ஒருவர் அருகிலிருந்தோம். மூத்த மகள் ஊர்க்கதை கேட்பாள். பக்கத்துப் பிளாக்கில் தமிழ்க் குடும்பத்து மாமி ஒருவர் பூத்தொடுக்க வருவார். கதை தந்தையாரைத் தொட்ட ஒரு மாலையில் தாயார் நெடுநேரம் அழுதார். பதின்மூன்றாம் நாளிலும் அவர் அப்படி அழவில்லை. பங்குனிக்குள் கஞ்சி போய்ச் சோறு வந்தது. நெல்லிக்காய் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இன்றும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. ஆனால் அதைக் கண்டு அவர் அஞ்சுவதில்லை. மருந்தா, நீரா, பேச்சா, எது குணமாக்கியது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. "சாப்பிட்டீர்களா?" என்று நாள்தோறும் அவர்களைக் கேட்கிறோம். சாப்பிட்டது சிரமமின்றி இறங்குகிறதா என்றும் கேட்போம். சிக்குவது சோறு என்றால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். சிக்குவது சொல் என்றால், அருகில் அமர்ந்து கேட்போம்.